எப்போது காயவிடலாம்?

பயிர் வாடினால் விளைச்சல் குறையும் என்று நம்பித்தான் நாம் மடையைத் திறக்கிறோம். எந்த நேரத்து வாட்டம் விளைச்சலைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் தண்ணீர்ச் செலவைப் பெருமளவு குறைக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டட்டூரா என்ற சிற்றூரின் பாசன ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் சால்மர்ஸும் பீட்டர் மிட்செலும் பீச் மரங்களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நெருக்கி நட்ட மரங்கள் கிளையும் தழையுமாக அடர்ந்து, ஒன்றன் வெளிச்சத்தை மற்றொன்று மறைத்தன. இதற்கு வழி தேடிய அவர்கள் கவனித்தது பழம் வளரும் விதத்தை. பீச் காய் முதலில் வேகமாக வளரும். பிறகு கொட்டை இறுகும் வரை ஏறக்குறைய நின்றுவிடும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மறுபடியும் விறுவிறுவென்று பருக்கும். நடுவில் காய் நிற்கும் காலத்தில்தான் கிளைகள் மும்முரமாக நீள்கின்றன. அப்போது தண்ணீரைக் குறைத்தால் அடிபடுவது கிளைதான், காய் அல்ல. கடைசிக் கட்டத்தில் நிறைவாகத் தண்ணீர் விட்டதும் காய்கள் வழக்கம்போலப் பருத்தன. 1981-ல் இவர்கள் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் பழத்தோட்டப் பாசனத்துக்கு ஒரு புதிய வழியைத் திறந்தது.

தண்ணீரைக் குறைத்தும் விளைச்சல் அதே அளவு குறையாததற்கு இன்னொரு காரணம் செடியின் உடலுக்குள் இருக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. அதே துளைகள் வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வர வேண்டும். மண் காயத் தொடங்கியதும் வேர்கள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தண்ணீரோடு இலைக்கு ஏறி, துளைகளைப் பாதி மூடவைக்கிறது. அப்போது வெளியேறும் நீர் வெகுவாகக் குறைகிறது. உள்ளே வரும் கரியமில வாயு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் கிடைக்கும் விளைச்சல் கூடுவது இப்படித்தான்.

1990-களில் அடிலெய்டில் பிரயன் லவேஸும் பீட்டர் டிரையும் திராட்சைக் கொடியில் வேரின் இந்த எச்சரிக்கையை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்தினார்கள். கொடியின் இருபுறமும் சொட்டுநீர்க் குழாய் போட்டு, ஒரு பக்க வேரை நனைத்து மறுபக்கத்தைக் காயவிட்டு, சில நாட்களுக்கொருமுறை பக்கத்தை மாற்றினார்கள். காய்ந்த வேர் எச்சரிக்கை அனுப்பியது, நனைந்த வேர் கொடியை வாடாமல் காத்தது. பக்கம் மாற்றுவதால் தனிப் பலன் உண்டா, மொத்தத்தில் தண்ணீரைக் குறைத்ததே போதுமா என்று பின்னர் வந்த ஆய்வுகள் கேட்டன. அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு சொட்டுநீர்க் குழாய் மட்டும் வைத்திருக்கும் விவசாயிக்கு, பருவம் பார்த்துக் குறைப்பதே போதும் என்பது என் கருத்து.

நம் நெல்வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதும் இதற்கு நெருங்கிய உறவுதான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தந்திருக்கிறது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுவது. வேர்ப்பகுதி ஈரமாகவே இருப்பதால் பயிர் வாடாது. வயலிலிருந்து எழும் மீத்தேனும் குறையும். ஆனால் பூக்கும் நேரத்தில் இந்த விளையாட்டு கூடாது. அப்போது காய்ந்தால் மணி பிடிக்காமல் பதராகிவிடும்.

கடைமடை விவசாயியிடம் இதைச் சொல்வதற்கு முன் அவர் நிலைமையைப் பார்க்க வேண்டும். அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர், வாய்க்காலில் வந்ததை வயல் நிறையக் கட்டித்தான் வைப்பார். அதைத் தவறென்று சொல்ல முடியாது. முறைத் தேதி உறுதியானால்தான் அவரால் துணிந்து காயவிட முடியும். உப்பேறிய நிலத்திலும் எச்சரிக்கை தேவை. உப்பைக் கீழே கழுவி இறக்கவும் தண்ணீர் வேண்டும்.

சொந்த ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களுக்கு, அடுத்த தண்ணீர் எப்போது என்ற தயக்கம் தேவையில்லை. இந்தப் போகத்தில் ஒரே ஒரு வயலில் குழாயைப் புதைத்து, பக்கத்து வயலோடு மூட்டைக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.