நின்ற இடத்தில் நடுங்கும் கார்

எமது வியாபாரிகளுக்குக் கார் என்பது ஆடம்பரமல்ல. சரக்கெடுக்கவும் கடன் சேர்க்கவும் அதுவே கால். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி கிடைத்தும் வரிச்சுமை காரணமாகப் புதிய வண்டி பலருக்கு எட்டாக்கனிதான். எனவே நம்மவர்கள் தேடுவது பாவித்த காரைத்தான். அதில் அடிக்கடி ஏமாறும் ஒரு குறையைப் பற்றி இவ்வாரம் எழுதுகின்றேன். ஓடும்போது நன்றாக ஓடி, நிறுத்தி வைத்தால் நடுங்கும் குறை அது. கராஜ்காரர்கள் இதை 'மிஸ் அடிக்குது' என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் 2003ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா 121 ஒன்றை வாங்கினேன். பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்தது. றோட்டில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, கண்ணாடி நடுங்குகிறது.

ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். சரிவரவில்லை. இன்ஜெக்டர் கழுவினார்கள். சரிவரவில்லை. திரொட்டில் பொடியைத் துப்புரவு செய்தார்கள். அதற்கும் சரிவரவில்லை. கடைசியில் "ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்றார்கள். முற்பணமும் கொடுத்துவிட்டேன்.

என் தவறு என்னவென்று பிறகுதான் விளங்கியது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கேட்காமலே சாமான் மாற்றச் சம்மதித்தேன்.

இதை எளிதாகச் சொல்கின்றேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றுச் சுற்றும்போது, எல்லா சிலிண்டரிலுமாக 1400 தடவை பெற்றோல் எரிய வேண்டும். ஒவ்வொரு எரிப்புக்கும் காற்று, பெற்றோல், தீப்பொறி, அமுக்கம் (கம்ப்ரெஷன்) நான்கும் வேண்டும். ஒரு சிலிண்டரில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் நடுக்கம் வரும். வேகமாக ஓடும்போது எஞ்சின் சுழலும் வேகமே அந்தக் குறையை மூடிவிடும். நின்ற இடத்தில் மூட ஒன்றுமில்லை.

முதலில் நடுக்கம் மிஸ்ஸா, எஞ்சின் மவுண்ட் தேய்ந்ததா என்று பாருங்கள். சைலன்சருக்குப் பின்னால் நின்று காது கொடுங்கள். சத்தம் ஒரே சீராக வந்து, 'டி' கியரில் போட்டால் மட்டும் உடம்பு அதிர்ந்தால் பெரும்பாலும் மவுண்ட். ஒழுங்கான தாளத்தில் 'புட் புட்' என்று இடறினால் ஒரு சிலிண்டர் விடுபடுகிறது. தாளமில்லாமல் கண்டபடி இடறினால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காற்றிலோ பெற்றோலிலோ பிழை இருக்கலாம்.

இரண்டாவது, வண்டிக்குப் பொருந்தும் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். பீ0301 என்றால் முதலாம் சிலிண்டர், பீ0302 என்றால் இரண்டாவது. கடைசி இலக்கம்தான் சிலிண்டர் இலக்கம். பீ0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றல்ல, மாறி மாறி விடுபடுகிறது.

மூன்றாவது, காசு செலவில்லாத சோதனை. இக்காலத்துப் பெற்றோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டாம் கொயிலையும் மூன்றாம் கொயிலையும் இடம் மாற்ற வேண்டும். பிழை இலக்கம் பீ0303 ஆக மாறினால் குற்றவாளி கொயில். மாறாவிட்டால் பிளக்கையும், அதன் பின் இன்ஜெக்டரையும் அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது கொயிலைக் கையால் இழுக்கக் கூடாது, ஷொக் அடிக்கும்.

பிளக்கைக் கழற்றும்போது குழியையும் பாருங்கள். உள்ளே ஒயில் தேங்கியிருந்தால் மேல்மூடியின் கேஸ்கட் அல்லது சீல் கசிகிறது. பிளக் நனைந்து பெற்றோல் மணந்தால் பெரும்பாலும் தீப்பொறி இல்லை. ஒரு பிளக் மட்டும் கழுவியது போல் சுத்தமாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

நின்றால் இடறி, கொஞ்சம் ரேஸ் பண்ணியதும் சரியாகிவிடும் வண்டியில் வெக்கும் குழாய் வெடிப்பைத் தேடுங்கள். 'உஸ்' என்ற சத்தமே சில வேளை இடத்தைக் காட்டிவிடும்.

இவை எல்லாம் சரியென்றால்தான் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டரில் குறைவு என்றால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அளவு ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வ். அடுத்தடுத்த இரண்டில் குறைவென்றால் ஹெட் கேஸ்கட். எஞ்சினைத் திறக்கும் பேச்சு இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

இனி என் கதைக்கு வருகின்றேன். முற்பணம் போனால் போகட்டும், வண்டியை விற்றுவிடலாம் என்று நினைத்து ஒரு தம்பியிடம் விலை பேசினேன். நடுக்கத்தைச் சொல்லவில்லை. சூடான பிறகு காட்டினால் தெரியாது என்பது எனக்குத் தெரியும், என்னையும் அப்படித்தானே ஏமாற்றினார்கள். அன்றிரவு நித்திரை வரவில்லை. காலையில் போன் எடுத்து உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"நானா, எஞ்சினக் கழட்ட முந்தி கொயில மாத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டார் அவர். ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் பல வருடம் நின்றவர். அன்று பின்னேரமே வந்தார். ஸ்கேனரில் பீ0302. கொயிலை இடம் மாற்றினார், பீ0303. பஞ்சிகாவத்தையில் ஒரு கொயில் வாங்கிப் போட்டோம். நடுக்கம் நின்றது. வண்டியை நான் விற்கவில்லை. குறையை மறைத்திருந்தால் அவருக்கும் நஷ்டம், எனக்கு என்றைக்கும் காரணம் தெரிந்திருக்காது.

கார் வாங்கப் போகும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சாவியை 'ஒன்' செய்ததும் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். பிறேக்கை மிதித்து 'டி' கியரில் போட்டு ஏசியையும் போடுங்கள். வண்டி சூடானதும் மீண்டும் பாருங்கள். ஸ்கேனரில் பிழை ஒன்றும் இல்லாமல், சுயசோதனைகள் மட்டும் 'முடியவில்லை' என்று காட்டினால், பிழைகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம்.

வாங்கிய பின் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் வழியிலுள்ள கெட்டலிட்டிக் கொன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். சிறிய செலவு பெரிய செலவாகும்.

நடுக்கத்தைக் கேட்டு விலை பேசாதீர்கள். கொயிலா, கேஸ்கட்டா, வால்வா என்று தெரிந்த பின் பேசுங்கள். மூன்றின் நடுக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும், செலவு மட்டும் ஒன்றல்ல.