ஆம்ப்ளிஃபையர் இரைகிறதா?

காஞ்சிபுரம் வைகாசி கருட சேவைக்குத் தெருவில் பாட்டுப் போட, கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபையருடன் இணைத்ததும் 'ம்ம்ம்' என்று இரைகிறதா?

வால்யூமைக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரில் செருகிய ஆடியோ கேபிளைக் கழற்றுங்கள். பிறகு வால்யூமைக் கூட்டுங்கள். இரைச்சல் தொடர்ந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபையரில்தான். பவர் சப்ளை கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள். சுவிட்சை அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நீங்களே திறக்க வேண்டாம்.

இரைச்சல் நின்றால், வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இரைகிறதா? இரண்டும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருந்தால், எர்த் வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கேபிளில் கலந்துவிடும். ஒரே பிளக் போர்டில் செருகுங்கள்.

எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் கேபினட்டில் மின்சாரம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து!