கிண்ணத்தில் எரிந்த மருந்து

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர், ஆங்கில மரபுத்தொடர்களை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகிறது என்று எழுதியிருக்கிறார். மறக்கத்தான் செய்யும். அவர் அனுப்பிய பட்டியலில் நான்கு தொடர்கள் ஒரே கருவியிலிருந்து பிறந்தவை. அந்தக் கருவியைத் தெரிந்துகொண்டால் நான்கும் சேர்ந்தே மனதில் நிற்கும்.

கருவி, சக்கிமுக்கித் துப்பாக்கி. 1600களின் தொடக்கத்தில் பிரான்சில் உருப்பெற்று, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் தோளில் சுமந்ததும் இதைத்தான். விசைப்பொறி ‘லாக்’, மரக்கட்டை ‘ஸ்டாக்’, இரும்புக் குழல் ‘பேரல்’. ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ என்றால் ஒன்றுவிடாமல் முழுவதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஃப்ளாஷ் இன் த பேன்’. பேன் என்றதும் பலரும் வாணலியை நினைத்துக்கொள்கிறார்கள். இது குழலின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை வெடிமருந்து. விசையை அழுத்தினால், ‘காக்’ எனப்படும் சுத்தி போன்ற குதிரை முன்னே பாயும். அதன் தாடையில் தோல் சுற்றிக் கவ்வியிருக்கும் கல், எஃகுத் தகட்டை உரசும். தகடு விலகிக் கிண்ணம் திறக்க, பொறி உள்ளே விழும். மருந்து குபீரென்று எரியும். அந்தத் தீ ஒரு நுண்துளை வழியாகக் குழலுக்குள் புகுந்து உள்மருந்தைப் பற்றவைக்க வேண்டும். துளையில் கரி அடைத்திருந்தாலோ, உள்மருந்து நமுத்திருந்தாலோ வெளிச்சமும் புகையும்தான் மிச்சம். தீபாவளியன்று நாங்கள் வைத்த அணுகுண்டில் திரி சரசரவென்று எரிந்து, வெடிக்காமல் கிடக்குமே, அதே கதை. அமர்க்களமாகத் தொடங்கி அத்தோடு அடங்கிப்போகும் எதையும் இப்படிச் சொல்வார்கள். சில வேளை உள்மருந்து தாமதித்துப் பற்றும். அது ‘ஹேங் ஃபயர்’. காரியம் இழுபறியில் நிற்பதற்கும் அதே பெயர்.

வழிகாட்டி நூல்களோ ‘ஃப்ளாஷ் இன் த பேன்’ கதை முழுவதையும் ‘குறுகிய கால வெற்றி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஒரு கோட்டுப்படம் போட்டால் என்ன குறைந்துவிடும்? காரணம் தெரியாமல் நெட்டுருப் போடவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

நான்காவது, ‘கோ ஆஃப் ஹாஃப் காக்டு’. குதிரையைப் பாதி இழுத்தால் ஒரு காடியில் பூட்டிக்கொள்ளும்; விசை அமுங்காது. மருந்து நிரப்பும்போது அதுதான் பாதுகாப்பு. காடி தேய்ந்திருந்தால், சுடுபவர் குறிபார்க்கும் முன்பே வெடித்துவிடும். முன்யோசனையின்றி அவசரப்பட்டுக் காரியத்தில் இறங்குபவரைப் பற்றி அப்படிச் சொல்வது அதனால்தான்.