நார்வே சிறைகளும் மாணாக்கர்களும்

சட்டமும் குற்றவியலும் பயிலும் மாணாக்கர்கள் பிற தேசத்துச் சிறைச்சாலைகளை நேரில் கண்டு வருவது மேல்நாடுகளில் வழங்கிவரும் முறை. இக்காலத்தில் அவர்களில் பலருக்கு நார்வே தேசமே யாத்திரை ஸ்தலமாக விளங்குகிறது. குற்றவாளியைத் திருத்திச் சமூகத்தாரிடம் ஒப்புவிப்பதே சிறையின் கடமை என்னும் கொள்கையை அத்தேசத்தார் ஏட்டளவில் நிறுத்தாமல் காரியத்தில் நடத்திக் காட்டி வருகின்றனர் என்பதே இதற்குக் காரணம். அங்குச் செல்லும் மாணாக்கர்கள் எதைக் கண்டு திரும்ப வேண்டும் என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

பெரும்பாலோர் முதலில் காண்பது ஹால்டன் சிறை. தென்கிழக்கு நார்வேயில், ஸ்வீடன் எல்லைக்கு அருகே, 2010-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. சுமார் 250 கைதிகள் அங்கு வைக்கப்படுகின்றனர். கொலையும் பலாத்காரமும் புரிந்தோர் அவர்களில் உண்டு. 6 மீட்டர் உயரமுள்ள மதில் சிறையைச் சூழ்ந்து நிற்கிறது. ஆனால் மதிலுக்குள் நுழைந்தால் பைன் மரங்களும் பிர்ச் மரங்களும் நிறைந்த வனம். ஜன்னல்களில் கம்பிகள் கிடையா. ஒவ்வொருவருக்கும் குளியலறையோடு கூடிய தனி அறை. அதில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும். பலர் கூடிச் சமைத்து உண்ணப் பொதுச் சமையலறை. தச்சுப் பட்டறை, மோட்டார்ப் பட்டறை, பள்ளிக்கூடம், சங்கீதக் கூடம். மனைவி மக்கள் வந்து தங்கிச் செல்லத் தனி வீடு ஒன்றும் இருக்கிறது.

இவற்றைக் கண்டவர், "இது சிறையா, ஹோட்டலா?" என்று வியக்கின்றனர். அயல்நாட்டுப் பத்திரிகைகளும் இந்தக் கேள்வியையே சலிப்பின்றிக் கேட்டு வந்திருக்கின்றன. இக்கேள்வியோடு நின்றுவிடும் மாணாக்கன் கப்பலேறிச் சென்றது வீண் என்றே நாம் சொல்லுவோம். குளிர்பதனப் பெட்டியைப் பணமுள்ள எந்த சர்க்காரும் வாங்கி வைக்கலாம். நார்வேயில் கற்க வேண்டிய பாடம் வேறு.

அங்குள்ள கொள்கை இதுதான்: சுதந்திரத்தை இழப்பதே தண்டனை, அதற்கு மேல் கைதிக்கு வேறு துன்பம் விதிக்கச் சிறை அதிகாரிகளுக்கு உரிமையில்லை. வெளியுலக வாழ்க்கைக்கும் சிறை வாழ்க்கைக்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும். ஆகவே ஆசிரியரும் வைத்தியரும் நூலகத்தாரும் சிறையின் சிப்பந்திகளாக அல்லாமல், ஊராருக்குப் பணி செய்யும் அதே ஸ்தாபனங்களிலிருந்து வருகின்றனர். கைதிகள் வோட்டுரிமையை இழப்பதில்லை. "நாளை இம்மனிதன் உங்கள் அண்டை வீட்டில் குடியேறுவான், எப்படிப்பட்டவனாக அவன் வரவேண்டும்?" என்பது அங்குள்ள சிறை அதிகாரிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பெரும்பாலான தண்டனைகள் ஓராண்டுக்கும் குறைந்தவையாக உள்ள தேசத்தில் இக்கேள்வி வெறும் வேதாந்தமன்று, நாளைய காரியம்.

இக்கொள்கையை மெய்யாக்குவது யார்? இதற்கு விடை காண, வேறொரு மாணாக்கரின் வரலாற்றை நினைவூட்டுகிறோம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியர் நார்வேயைக் கைப்பற்றியிருந்த போது, யூகோஸ்லாவியக் கைதிகளை அத்தேசத்தின் வடகோடிக்குக் கொண்டுபோய் முகாம்களில் அடைத்தார்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அங்கே காவல் புரிந்தவர்களில் நார்வேக்காரரும் இருந்தனர். கைதிகள் ஏராளமாக மாண்டனர். யுத்தம் முடிந்த பின், கைதிகளைக் கொன்றதற்கும் வதைத்ததற்கும் அக்காவலர்களில் சிலர் தண்டிக்கப்பட்டனர். அப்போது சமூக சாஸ்திர மாணாக்கராக இருந்த நில்ஸ் கிறிஸ்டி என்பவர் அவர்களைத் தேடிச் சென்று பேசினார். கொடுமை செய்யாத காவலர்களையும் கண்டு பேசினார். ஒரே முகாமில், ஒரே கட்டளையின் கீழ் இருந்தவர்களில் ஒருவன் கொலைகாரனானதும் மற்றொருவன் ஆகாததும் எதனால் என்பதே அவர் ஆராய்ச்சி.

அவர் கண்ட விடை எளியது. ஆனால் மனத்தை உலுக்குவது. கொடுமை செய்யாதவர்கள் கைதிகளை அணுகி அறிந்தவர்கள். இரண்டொரு வார்த்தை பேசியவர்கள். கைதி வைத்திருந்த குடும்பப் படத்தை வாங்கிப் பார்த்தவர்கள். கொடுமை செய்தவர்களின் கண்ணுக்கோ எதிரே நின்றது மனிதனாகவே தோன்றவில்லை. 1952-ல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. பிற்காலத்தில் உலகம் போற்றும் குற்றவியல் அறிஞராக விளங்கி 2015-ல் மறைந்த கிறிஸ்டி, மனிதர் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் தூரமே கொடுமையின் விளைநிலம் என்பதை வாழ்நாள் முழுதும் வற்புறுத்தி வந்தார்.

இதை மனத்திற் கொண்டு இன்றைய நார்வேயின் காவலரைப் பார்க்க வேண்டும். அவர் இரண்டாண்டுக் காலம் சம்பளத்துடன் கல்லூரியில் பயின்று வருகிறார். சட்டம், மனநூல், ஒழுக்க நூல் எல்லாம் அவருக்குப் பாடங்கள். சாதாரணமாக அவர் கையில் ஆயுதம் இருப்பதில்லை. குறிப்பிட்ட சில கைதிகளின் பொறுப்பு அவருடையது. அவர்களோடு உண்கிறார், விளையாடுகிறார், விடுதலைக்குப் பின் வீட்டுக்கும் வேலைக்கும் என்ன வழி என்று கலந்து யோசிக்கிறார். கைதியை நன்கு அறிந்த காவலரே சிறந்த பாதுகாப்பு என்பது அவர்கள் கண்ட அனுபவம். ஹால்டனில் மாணாக்கர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது இதையே.

நார்வேயர் பிறவியிலேயே சாதுக்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஆஸ்லோ கடற்கழியில் பாஸ்டோய் என்றொரு தீவு உண்டு. 1900-ஆம் ஆண்டு முதல் அங்கே சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஒன்று நடந்தது. சீர்திருத்தம் பெயரில்தான் இருந்தது. கடுமை பொறாமல் 1915-ல் சிறுவர்கள் கலகம் செய்தபோது, அவர்களை அடக்க சர்க்கார் படையையே அனுப்பிற்று. அதே தீவு 1982 முதல் திறந்தவெளிச் சிறையாக இருக்கிறது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட கைதிகள் மர வீடுகளில் வசித்து, பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் வருகின்றனர். தீவும் கடலும் மாறவில்லை. மாறியது மனிதர் மனப்போக்கு. அவர்களால் மாற முடிந்ததாயின் ஏனையோராலும் முடியும்.

இனி ஆக்ஷேபங்களைக் கவனிப்போம். "குற்றவாளிக்கு இத்தனை கருணை காட்டினால், துன்புற்றவர் கதி என்ன?" என்று கேட்பவர்களின் உணர்ச்சியை நாம் இகழவில்லை. 2011-ல் ஆஸ்லோ நகரிலும் ஊட்டாயா தீவிலும் ஒரே மனிதன் 77 பேரைக் கொன்றான். மாண்டோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். பெற்றோரின் கண்ணீர் காயுமுன் 2012-ல் தீர்ப்பு வந்தது. 21 ஆண்டுத் தடுப்புக் காவல். அதன் பின்னும் அவன் அபாயகரமானவன் என்று நியாயஸ்தலம் கண்டால், காவல் மேலும் நீட்டிக்கப்படும். தன்னைத் தனிமையில் வைத்திருப்பது அமானுஷ்யமான நடத்தை என்று அவன் சர்க்கார் மீதே வழக்குத் தொடுத்தான். 2016-ல் கீழ்க்கோர்ட்டு ஓரளவு அவன் பக்கம் தீர்ப்பளித்தது. 2017-ல் மேற்கோர்ட்டு அதை மாற்றியது. அவன் பொருட்டுத் தூக்குமேடையைத் திரும்பக் கொண்டுவர அத்தேசத்தார் முற்படவில்லை. தன்னை அழிக்க வந்தவனுக்கும் நியாயஸ்தலத்தின் கதவைத் திறந்து வைத்த சமூகம் கோழையன்று. தன் பலத்தை அறிந்த சமூகம்.

"இதனால் பயன் உண்டா?" என்பது இரண்டாவது ஆக்ஷேபம். நார்வேயில் விடுதலை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவரே இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் தண்டனை பெறுவதாக 2010-ல் கணக்கு வெளியாயிற்று. தேசத்துக்குத் தேசம் கணக்கிடும் முறை வேறுபடுவதால், இதை மட்டும் கொண்டு நாம் வாதாட மாட்டோம். இதனினும் உறுதியான சான்று 2020-ல் வெளியாயிற்று. நீதிபதிகளில் சிலர் கடுமையானவர், சிலர் மென்மையானவர். எவரிடம் வழக்குச் செல்லும் என்பது குலுக்கல் போன்றது. இதனை ஆதாரமாகக் கொண்டு பொருளாதார அறிஞர்கள் ஒத்த குற்றவாளிகளை ஒப்பிட்டார்கள். சிறை சென்றவர்கள் மீண்டும் குற்றம் செய்வது கணிசமாகக் குறைந்திருந்தது; முன்பு வேலையற்றிருந்தவர்களிடமே இப்பயன் மிகுதியாகக் காணப்பட்டது. சிறையில் பெற்ற தொழிற்பயிற்சி அவர்களை வேலையில் அமர்த்தியது. சோம்பிக் கிடக்க விட்டிருந்தால் இது நேர்ந்திருக்குமா?

குறைகளையும் மறைக்கலாகாது. அத்தேசத்துப் பார்லிமெண்டின் முறையீட்டு அதிகாரி 2019-ல் விசேஷ அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்து, பல கைதிகள் நாளின் பெரும்பகுதியைப் பேச்சுத் துணையின்றி அறையில் அடைபட்டுக் கழிக்கின்றனர் என்று கண்டித்தார். காவலர் தொகை போதாமையும் அதற்கு ஒரு காரணம். இதுவும் நாம் கூறியதையே மெய்ப்பிக்கிறது. காவலர் குறைந்தவுடன் கதவு பூட்டப்படுகிறது. கதவு பூட்டப்பட்டவுடன், எத்தனை அழகிய கட்டடமாயினும், பழைய சிறை திரும்பி வந்துவிடுகிறது.

தேச விடுதலைக்காகச் சிறை புகுந்தவர்களின் பரம்பரையில் வந்த நம் வாசகர்களுக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அன்று சிறையைத் தாங்கத்தக்கதாகவோ நரகமாகவோ ஆக்கியவன் எதிரே நின்ற வார்டர்தான். அந்நிய ஆட்சியார் 1894-ல் இயற்றிய சிறைச் சட்டத்துக்குப் பதிலாக, 2023-ல் மத்திய சர்க்கார் புதிய மாதிரிச் சட்டம் ஒன்றை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. திருத்தமே நோக்கம் என்று அது கூறுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் சட்டம் கைதியோடு பேசாது. காவலரே பேச வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பதற்கும், பயிற்றுவதற்கும், அவருக்கு மதிப்பும் ஊதியமும் தருவதற்கும் நாம் என்ன செய்யப் போகிறோம்?

சிறைகளைக் காணச் செல்லும் மாணாக்கர்களே! மதிலின் உயரத்தை அளந்து காலம் போக்க வேண்டாம். காவலர் கைதியைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா என்று செவி கொடுத்துக் கேளுங்கள். அச்சிறையின் யோக்கியதை அந்த ஒரு சொல்லில் விளங்கிவிடும்.