ரோஜா இலையில் ஏழு மணி நேர ஈரம்

தெற்கு அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கினால் நவம்பர், டிசம்பர் வரை விடாது. அங்குள்ள வண்டூரில் வாசலில் ரோஜா வைத்திருப்பவர்களுக்கு அதன் விளைவு நன்றாகவே தெரியும். மழை பிடித்த சில வாரங்களில் அடியிலைகளில் கறுப்புப் புள்ளி விழும், இலை மஞ்சளாகும், கடைசியில் முள்ளும் குச்சியும்தான் நிற்கும்.

உடனே கடைக்குப் போய் ‘ரோஜாவுக்கு மருந்து’ என்று கேட்டு, கிடைத்ததை வாங்கி அடிப்பது நம் வழக்கம். பூச்சிக்கான மருந்து பெரும்பாலும் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பூஞ்சைக்கான மருந்து பெரும்பாலும் பேனையோ சிலந்தியையோ தொடாது. என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமல் அடிக்கிற மருந்து, பொறிவண்டு போன்ற நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடலாம்.

கரும்புள்ளி நோயை அடையாளம் காண்பது எளிது. புள்ளி வட்டமாக, கன்னங்கரேலென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் ஓரம் வெட்டினாற்போல் இருக்காது. மை ஊறிய காகிதம் போலப் பிசிறடித்திருக்கும். இந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை குறைந்தது ஏழு மணி நேரமாவது தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். அதற்குள் இலை காய்ந்துவிட்டால் நோய் பிடிக்காது. மழையை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்தில் செடி இருந்தால் இரவு ஈரம் சீக்கிரம் காயும். செடிக்குச் செடி இரண்டடியாவது விட வேண்டும். நடுவில் நெருக்கிக்கொண்டு வளரும் குச்சிகளைக் கவாத்து செய்து, காற்று ஊடுருவ வழி விட வேண்டும். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்ற வேண்டும். மாலையில் குழாயைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டினால் இரவு முழுக்க இலை ஈரமாகவே இருக்கும். தொட்டிச்செடியாக இருந்தால் மழைக்காலத்தில் தாழ்வாரத்தின் விளிம்புக்கு நகர்த்திவிடலாம். என்னைக் கேட்டால், அந்தமான் மழைக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். அவற்றிலிருந்துதான் மழைத்துளி தெறித்து நோய் மறுபடி மேலே ஏறுகிறது. மாங்கோசெப் என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம், ஆனால் அது புள்ளி விழுந்த இலையைத் தேற்றாது. வரப்போகும் தளிரைத்தான் காக்கும்.

எல்லாக் கருகலும் நோயல்ல. 2004 டிசம்பர் சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்வான வயல்களில் கடல்நீர் புகுந்தது. கரையோரத் தோட்டங்களில் உப்பு இன்றும் தலைகாட்டலாம். உப்பில் கருகிய இலையில் வட்டப் புள்ளி இருக்காது. முதிர்ந்த இலையின் ஓரம் முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறும். இதற்கு மருந்து அடித்துப் பயனில்லை. மேட்டுப்பாத்தியோ தொட்டியோ அமைத்து, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை ஓய்ந்திருக்கும்போது வேறு தொல்லைகள் வரும். மாவு தூவியதுபோல் தளிரை மூடும் சாம்பல் நோய்க்கு ஈர இலை தேவையில்லை. இரவின் ஈரக்காற்றே போதும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். இலை மேலே வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும், அதைக் காலையில் செய்தால் இலையும் காய்ந்துவிடும். மொட்டு விரியாமல் இதழோரம் கருகினால் இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். அசுவினிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில், கொஞ்சம் காதி சோப்புக் கரைசலுடன் கலந்து அடித்தால் போதும்.

மழைக்காலத்தில் இங்கே இன்னோர் எதிரியும் உண்டு. ஆப்பிரிக்க ராட்சத நத்தை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆட்சி நடந்த காலத்தில் அந்தமானுக்கு வந்தது. மழை இரவில் தளிரையும் பட்டையையும் சுரண்டித் தின்றுவிடும். வேரடியில் தேங்காய் மட்டை பரப்பினால் மழைத் தெறிப்பு குறையும். ஆனால் நத்தைக்கு அதுவே வீடாகும். செடியிலிருந்து தள்ளி ஓர் ஈரச் சாக்கை விரித்து, மாலையில் அதன் அடியில் பப்பாளி இலைகளைப் போடுங்கள். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் கூட்டமாக இருக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது. மனித மூளையைத் தாக்கும் புழு அவற்றில் இருக்கலாம். கையுறை போட்டுப் பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். அந்தத் தண்ணீரை ரோஜாப் பக்கம் கொட்டிவிடாதீர்கள். மண்ணில் நேராக உப்பைத் தூவுவதும் செடியையே கொல்லும்.

கவாத்து செய்த நுனியிலிருந்து குச்சி கறுத்துக் கீழே இறங்கினால் நுனிக்கருகல். கறுப்புக்கு இரண்டு அங்குலம் கீழே, பச்சை தெரியும் இடத்தில் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசையோ காப்பர் ஆக்சிகுளோரைடு பசையோ தடவ வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டிலோ டெட்டாலிலோ துடைப்பது அவசியம்.

இந்தத் தாமிர மருந்துகளில் வண்டூர்க்காரர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. தாமிரம் மீனுக்கும் பவளப்பாறைக்கும் நஞ்சு. தோட்டத்தில் கொட்டியது ஓடை வழியே கடலுக்குத்தான் போகும். அதனால் செடி முழுக்கத் தெளிக்காமல் வெட்டுவாயில் மட்டும் தடவுங்கள். மழை வரும்போல் இருந்தால் அன்று வேண்டாம். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டாத மேட்டு மண்ணில் ஊற்றுங்கள்.