கடையில் கிடைக்காத பைக் பாகம்: உங்கள் ஸ்கேனரே கைகொடுக்கும்!

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலரிடம் ஒரு ஸ்கேனரும் இருக்கிறது. ஆதார் அட்டை, மார்க் ஷீட், ரேஷன் கார்டு என நாலைந்து தாள்களை ஸ்கேன் செய்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. தயாரிப்பு நின்றுபோன மோட்டார் சைக்கிளின் பாகங்களைத் திரும்பச் செய்யவும் அதே ஸ்கேனர் உதவும். எப்படி என்று பார்ப்போம்.

எனக்கு வேலை சென்னையில், சொந்த ஊர் சின்னமனூர். என் தாத்தா 1974-ல் வாங்கிய யெஸ்டி 250, அவருடைய திராட்சைத் தோட்டத்துக்கும் போடிமெட்டு மலைப் பாதைக்கும் ஓடிய வண்டி. பல வருடம் கொட்டகையில் நின்ற அதை மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது சரி செய்து வருகிறேன். தாத்தாவுக்கு இப்போது வயது 84. "நான் ஓட்ட வேண்டாம்ப்பா, அந்தச் சத்தத்தைக் கேட்டாப் போதும்" என்கிறார். ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

பாகம் ஏன் கிடைப்பதில்லை?

செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத் தொழில்நுட்பத்தில், மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018-ல் ஜாவாவையும் 2022-ல் யெஸ்டியையும் மீண்டும் கொண்டு வந்தது. ஆனால் பழையது டூ ஸ்ட்ரோக், புதியது போர் ஸ்ட்ரோக். பெயர் ஒன்றானாலும் புதிய இன்ஜினின் பாகம் பழையதில் ஏறாது.

செய்வதற்கு முன் தேடுங்கள்

எல்லாப் பாகமும் அந்த ஒரு தொழிற்சாலையில் மட்டுமே பிறந்ததல்ல. பேரிங், ஆயில் சீல் போன்றவை உலகம் முழுவதும் ஒரே அளவுக் கணக்கில் தயாராகின்றன. பேரிங்கின் ஓரத்தில் 6204 என்று இருந்தால், கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்குங்கள். 20 மில்லிமீட்டர்; அதுதான் உள் விட்டம். (04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.) ஆயில் சீலில் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றுமே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். இந்த எண்களைச் சொன்னால் தேனியில் உள்ள பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம். வண்டியின் பெயரைச் சொல்லவே தேவையில்லை.

அடுத்து மரை. ஜாவா, யெஸ்டியில் மில்லிமீட்டர் கணக்கு. இங்கிலாந்து வடிவமைப்பில் 1955 முதல் சென்னையில் தயாரான பழைய புல்லட்டில் அங்குலக் கணக்கு. அங்குலத்துக்கு 26 மரை என்றால் ஒரு மரைக்கு 0.977 மி.மீ. வருகிறது. இதில் 1 மி.மீ. மரை கொண்ட நட் இரண்டு சுற்று நன்றாக ஏறும்; பிறகு இறுகி மரையைத் தின்றுவிடும். ஆகவே பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் புது நட் எதையும் முறுக்காதீர்கள்.

ஸ்கேன் செய்யும் முறை

சிலிண்டருக்கு அடியில் வரும் பேக்கிங் ஷீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. ஸ்கேனர் கண்ணாடி மீது ஓ.எச்.பி. ஷீட் ஒன்றை விரியுங்கள். கண்ணாடியில் கீறலோ எண்ணெயோ படாது.

2. பழைய பேக்கிங்கைத் தட்டையாக வைத்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை நீளவாக்கிலும் மற்றொன்றைக் குறுக்குவாக்கிலும் வையுங்கள். சில ஸ்கேனர்களில் இரண்டு திசையிலும் அளவு சிறிது மாறும். அதை இந்த ஸ்கேல் காட்டிக் கொடுத்துவிடும்.

3. 600 டி.பி.ஐ. தேர்ந்தெடுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் ஒரு புள்ளி சுமார் 0.042 மி.மீ. பேக்கிங்குக்கு இது தாராளம்.

4. பைலை பி.என்.ஜி. அல்லது டிப் வகையில் சேவ் செய்யுங்கள். ஜேபெக் வகை ஓரங்களை மங்கலாக்கிவிடும்.

பிரிண்டருடன் சேர்ந்து வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சி.ஐ.எஸ். வகை. கண்ணாடியைத் தொட்டிருக்கும் பகுதி மட்டுமே இவற்றில் தெளிவாகத் தெரியும். பேக்கிங், தட்டையான தகடு, வாஷர் இவற்றுக்கு இது போதும். மேடு பள்ளமான பாகத்தை இதில் ஸ்கேன் செய்து பயனில்லை.

படத்தை வரைபடமாக மாற்றுதல்

இங்க்ஸ்கேப், லிப்ரேகேட், ப்ரீகேட் மூன்றுமே இலவச சாப்ட்வேர்கள். இங்க்ஸ்கேப்பில் படத்தைத் திறந்து, ஸ்கேலில் 100 மி.மீ. என்று தெரிவது வரைபடத்திலும் 100 மி.மீ. ஆகும்படி அளவைச் சரி செய்யுங்கள். தானாகவே கோடு போடும் வசதியும் அதில் உண்டு. அதை நம்ப வேண்டாம். பேக்கிங்கின் கிழிசலையும் அது கோடாக்கிவிடும். படத்தின் மேல் வட்டம், வளைவு, நேர்கோடு என்று நீங்களே வரையுங்கள்.

பேப்பர் பேக்கிங் எண்ணெயில் ஊறிச் சற்று நீண்டிருக்கலாம். எனவே துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை இன்ஜின் உலோகத்திலேயே வெர்னியர் வைத்துச் சரிபாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே ஓர் அளவு, உள் ஓரங்களுக்கு இடையே ஓர் அளவு எடுத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைத்துவிடும்.

பின்னர் 100 சதவீத அளவில் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, இன்ஜின் மேல் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் செய்யும்போது "பிட் டு பேஜ்" தேர்வை எடுத்துவிடுங்கள். பொருந்திய பிறகு டி.எக்ஸ்.எப். பைலாக மாற்றி, மதுரையிலோ கோவையிலோ உள்ள லேசர் கட்டிங் கடைக்கு அனுப்பலாம். வரைபடத்தின் மூலையில் 50 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்துவிடுங்கள். கடைக்காரரின் கம்ப்யூட்டர் அதை அங்குலமாக எடுத்துக்கொண்டால் உடனே தெரிந்துவிடும்.

தடிமனும் முக்கியம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டர் சிறிது உயர்ந்தாலும் போர்ட் திறந்து மூடும் நேரமும் கம்ப்ரஷனும் மாறும். பழைய பேக்கிங் அழுந்தி மெலிந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

தேய்மானத்தைக் காப்பி எடுக்காதீர்கள்

இந்த வேலையில் மிக முக்கியமானது இதுதான். உங்கள் கையில் இருப்பது பாகம் அல்ல. 50 வருடம் தேய்ந்தபின் மிஞ்சியிருப்பது. அதை அப்படியே அளந்து செய்தால், புதிதாக ஒரு தேய்ந்த பாகம் கிடைக்கும்!

ஒரு ஷாப்டை எடுத்துக்கொள்ளுங்கள். புஷ் உரசும் இடத்தில் 15.80 மி.மீ. காட்டுகிறது. உரசாத ஓரத்தில் 15.98 காட்டினால், அது 16 மி.மீ. அளவுக்குச் செய்யப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். இப்படித் தேயாத ஓரத்தை எப்போதும் தேடிப் பாருங்கள்.

சாதாரண நேர்ப்பல் கியரிலும் இப்படிக் கண்டுபிடிக்கலாம். பற்களின் எண்ணிக்கையுடன் இரண்டைக் கூட்டி, அந்த எண்ணால் வெளி விட்டத்தை வகுங்கள். 20 பற்கள், 43.8 மி.மீ. விட்டம் என்றால் விடை 1.99. வடிவமைத்தவர் வைத்த எண் 2 என்று ஊகிக்கலாம். அப்படியானால் பழைய விட்டம் 44. தேய்ந்துபோன 0.2 மி.மீ. கணக்கில் திரும்பக் கிடைத்துவிட்டது.

தேனியில் நான் வேலை கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டியவர். நூல் கணக்கில் பேசுவார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கிக் ஷாப்ட் புஷ் பற்றிக் கேட்டபோது, "தம்பி, போன வருஷம் வந்திருக்கக் கூடாதா? மாதிரிக்கு ஒண்ணு வெச்சிருந்தேன், எடைக்குப் போட்டுட்டேன்" என்றார். அவர் எடைக்குப் போட்டது சில ரூபாய் பித்தளை. அதோடு ஓர் அளவும் போய்விட்டது. கடைசியில் தேயாத ஓரத்தை வைத்துத்தான் அவரும் நானும் புது கன்மெட்டல் புஷ் செய்தோம். உடைந்தாலும் பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

3டி பிரிண்டர் எங்கே உதவும்?

ரப்பர் பூட், கிளிப் போன்றவற்றுக்கும், பொருத்திப் பார்க்கும் மாதிரிகளுக்கும் அது மிக நல்லது. ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். இன்ஜின் பக்கம் கொண்டு போகாதீர்கள். அலுமினியத்தில் வார்க்க வேண்டிய பாகத்துக்கு பேட்டர்னை பிரிண்ட் செய்து கோவையில் உள்ள பவுண்டரிகளில் கொடுக்கலாம். அலுமினியம் ஆறும்போது சுமார் 1.3 சதவீதம் சுருங்கும் என்பதால் 100 மி.மீ. பாகத்துக்கு பேட்டர்ன் 101.3 மி.மீ. வேண்டும். பவுண்டரியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* பிரேக், ஸ்டீரிங், போர்க், வீல் ஆக்சில் பாகங்களை இந்த முறையில் செய்யவே கூடாது. போடிமெட்டு வளைவில் இறங்கும்போது உடைந்தால் உயிர் போகும்.

* பழைய பேக்கிங்கிலும் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுங்கள்.

* பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய வகை ரப்பரை அது கெடுக்கும். பெட்ரோல் குழாய், சீல்களுக்கு வைட்டான் போன்ற பொருளைக் கேட்டு வாங்குங்கள்.

* 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 வருடத்தைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். இன்ஜினும் சேஸிஸும் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்தபின் அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது.

பைலைப் பத்திரப்படுத்துங்கள்

ஒவ்வொரு பாகத்துக்கும் தனி போல்டர் போடுங்கள். அதில் ஸ்கேன் படம், வரைபடம், ஒரு டெக்ஸ்ட் பைல். வண்டியின் மாடல், வருடம், அளந்த அளவு, நீங்கள் முடிவு செய்த மூல அளவு, பொருள், தடிமன், அளந்த தேதி எல்லாம் டெக்ஸ்ட் பைலில் இருக்கட்டும். அளந்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுவது அவசியம். உங்கள் ஊகம் தவறாக இருந்தால் அடுத்தவர் திருத்திக்கொள்வார்.

எங்கள் யெஸ்டிக்கு இதுவரை ஒன்பது போல்டர்கள் சேர்ந்துள்ளன. உத்தமபாளையத்தில் இதே வண்டி வைத்திருக்கும் ஒருவர் பேக்கிங் பைலைப் பென் டிரைவில் வாங்கிப் போய் வெட்டிக்கொண்டார். எனக்கு ஒரு வார இறுதியை எடுத்துக்கொண்ட வேலை அவருக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. தொழிற்சாலை போனாலும் அளவு இருந்தால் பாகம் பிழைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி நின்றால், முதலில் ஒரே ஒரு பேக்கிங்கை ஸ்கேன் செய்து வையுங்கள். மற்றவை ஒவ்வொன்றாகச் சேரும்.