கார்க் நகரின் மேயர்

நகரத் தலைமை என்பது சாதாரணமாகச் சாக்கடையையும் தெரு விளக்கையும் குடிநீரையும் கவனிக்கும் பதவியாகும். அதனை வகித்தவரின் பெயரை அடுத்த தேர்தலுக்குள் ஊராரே மறந்துவிடுவது வழக்கம். ஆனால் அயர்லாந்தின் தென்கோடியில், 1911-ம் வருஷக் கணக்குப்படி சுமார் 76,000 ஜனங்களே வசித்த கார்க் என்னும் நகரின் மேயர் ஒருவர், 1920-ல் உலகத்தின் கண்களையெல்லாம் தம்பால் ஈர்த்தார். அவர் பதவி வகித்தது ஏழு மாதத்திற்கும் குறைவு. அதிலும் இரண்டரை மாதம் சிறைவாசம். அவரே டெரன்ஸ் மாக்ஸ்வினி.

1879-ம் வருஷம் மார்ச்சு 28-ந் தேதி கார்க்கிலேயே அவர் பிறந்தார். தந்தையார் நடத்திய புகையிலைத் தொழில் நொடித்தது. அவர் ஆஸ்திரேலியா சென்று அங்கேயே காலமானார். டெரன்ஸ் பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு ஒரு வியாபார ஸ்தாபனத்தில் வேலைக்கமர்ந்தார். உத்தியோகத்துக்கிடையே படித்து 1907-ல் பட்டம் பெற்றார். மறு வருஷம் நண்பர்களுடன் நாடக சபை ஒன்றைத் தொடங்கினார். தாமே நாடகங்களும் எழுதினார். 1913-ல் கார்க்கில் தேசத் தொண்டர் படை தோன்றியபோது முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். 1914-ல் அவர் நடத்திய பத்திரிகை பதினோரு இதழ்களுடன் அடக்குமுறைக்கு இரையாயிற்று.

1916-ல் டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி மூண்டது. முரண்பட்ட உத்தரவுகளால் கார்க் தொண்டர்கள் செயலற்று நின்றனர். டப்ளின் தலைவர்கள் சுடப்பட்டு மாண்டனர். தாம் பிழைத்திருப்பது மாக்ஸ்வினியின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. அதன் பின்னர் அவர் வாழ்க்கை சிறையும் நாடு கடத்தலுமாகவே கழிந்தது. 1917-ல் அவருடைய விவாகங்கூட இங்கிலாந்து மண்ணில், அத்தகைய நிலையிலேயே நடைபெற்றது.

1920 ஜனவரியில் அவருடைய அருமைத் தோழர் டாமஸ் மாக்கர்டெயின் கார்க் மேயரானார். நகர சபையும் ஆங்கில அரசாங்கத்தைப் புறக்கணித்து, ஐரிஷ் ஜனங்கள் தேர்ந்தெடுத்த டாயில் என்னும் தேசிய சபைக்கே தான் கட்டுப்பட்டதென்று தீர்மானித்தது. மார்ச்சு 20-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், முகத்தை மறைத்த மனிதர் சிலர் மேயரின் இல்லத்தில் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றனர். மரண விசாரணை செய்த ஜூரிகள் போலீஸ் படை மீதும், பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் மீதுமே கொலைக் குற்றஞ் சாட்டினர்.

இரத்தம் உலராத அந்த ஆசனத்தில் அமரப் போவது யார்? மாக்ஸ்வினி அமர்ந்தார். பதவியேற்ற தினத்தில் அவர் கூறியதன் சாரம் இது: பிறருக்கு மிகுந்த துன்பத்தை இழைப்போர் வெற்றியடையார், மிகுந்த துன்பத்தைத் தாங்குவோரே வெற்றியடைவர்.

ஆகஸ்டு 12-ந் தேதி நகர மண்டபத்திலேயே அவர் கைதானார். ராஜத்துரோகமான தஸ்தாவேஜிகளை வைத்திருந்தாரென்று ராணுவ நீதிமன்றம் இரண்டு வருஷத் தண்டனை விதித்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த நகரத் தலைவரை விசாரிக்க அந்நிய மன்றத்திற்கு அதிகாரமில்லையென அவர் மறுத்தார். உணவு கொள்ளாத தாம், உயிருடனோ உயிரின்றியோ ஒரு மாதத்திற்குள் விடுதலை பெறுவது நிச்சயம் என்றும் அறிவித்தார்.

அந்த ஒரு மாதம் எழுபத்து நான்கு நாளாக நீண்டது. லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் மனைவியும் சகோதரிகளும் பார்த்திருக்க, அவர் தேகம் தேய்ந்தது. அரசாங்கம் இரங்கவில்லை. அக்டோபர் 25-ந் தேதி உயிர் பிரிந்தது. கார்க் சிறையில் உண்ணாவிரதமிருந்த மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு அதற்கு எட்டு நாள் முன்னரும், ஜோசப் மர்பி அதே தினத்திலும் மாண்டனர்.

மாக்ஸ்வினி அஹிம்சாவாதியல்லர், ஆயுதந் தாங்கிய படைப் பிரிவொன்றின் தலைவரும் அவரே. இதை மறைப்பது உண்மைக்கு அழகன்று. எனினும் உலகை உலுக்கியது அவர் துப்பாக்கியன்று. பிறரைத் தீண்டாது தம் உடலையே வருத்திக் கொண்ட தவமே. 1929-ல் லாகூர்ச் சிறையில் அறுபத்து மூன்று நாள் உண்ணாதிருந்து ஜதீந்திரநாத் தாஸ் உயிர் நீத்தபோது, மாக்ஸ்வினியின் குடும்பத்தாரிடமிருந்து இந்தியாவுக்கு அனுதாபத் தந்தி வந்தது. ஒரே வேதனையை அறிந்த இரு தேசங்கள் கடல் கடந்து கைகோத்தன.

அவர் அமர்ந்திருந்த நகர மண்டபம் அவ்வருஷம் டிசம்பரில் ஆங்கிலப் படையினர் வைத்த தீயில் எரிந்தது. 1936-ல் புதிய மண்டபம் எழுந்தது. கட்டடம் எரியும், மீண்டும் எழும். ஆசனம் காலியாகும், மீண்டும் நிரம்பும். அதிலே அமர்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி மட்டும் நிலைத்து நிற்கிறது. மேலிடத்து அதிகாரத்துக்கா, தம்மைத் தேர்ந்தெடுத்த ஜனங்களுக்கா? சுதந்திரம் பெற்ற நாட்டிலும் ஒவ்வொரு நகரத் தலைவரும் இதற்கு விடை கூறியாக வேண்டும். கார்க் மேயர் தம் விடையை உயிரைக் கொண்டு எழுதினார். நம்மவரிடம் நாம் கேட்பது உயிரையன்று, அந்த விசுவாசத்தையே.